கீழ்வீட்டுக் குழாய்ச் சத்தம்

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். ஜான்சி நடுங்கியதில்லை. போன மழைக்கு ஏரித் தண்ணீரோடு ஒரு சாரைப்பாம்பு அஸ்தினாபுரத்து வீட்டின் காம்பவுண்டுக்குள் வந்தபோது, கீழ்வீட்டு ஆண்பிள்ளைகள் நாற்காலி மேல் ஏறி நின்றார்கள். மாடி போர்ஷனிலிருந்து தரை துடைக்கிற குச்சியோடு இறங்கி வந்து அதை கேட்டுக்கு வெளியே தள்ளிவிட்டவள் ஜான்சிதான். கரப்பான், இருட்டு, மாமியார், எதன் பாச்சாவும் அவளிடம் பலித்ததில்லை. அவளை ஆட்டிவைத்த பயம் ஒன்றே ஒன்று. வாந்தி.

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். அவள் கணவன் வேதசிரோமணியும் கல்யாணமான புதிதில் சிரித்தவன்தான். ஒருநாள் தாம்பரம் பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். ஓடுகிற பஸ்ஸிலிருந்து குதிக்கப் போன மனைவியை இழுத்துப் பிடித்ததில் சிரோமணியின் சட்டைப் பொத்தான் தெறித்தது, சிரிப்பும் அன்றோடு நின்றது. அருவருப்பு என்று ஊர் நினைத்தது. அருவருப்பு யாருக்குத்தான் இல்லை? இவளுக்கு வந்தது பயம். அடுத்த நிமிஷம் செத்துவிடுவோம் என்கிற மாதிரி உள்ளங்கை வியர்த்து, காது அடைத்துப் போகிற பயம்.

இதில் வேடிக்கை, அவள் பார்த்த வேலை மெடிக்கல் கோடிங். எங்கோ அமெரிக்காவில் படுத்திருக்கிற நோயாளிகளின் வியாதிகளை வீட்டில் உட்கார்ந்தபடியே எண்ணாக மாற்றிப் போடுகிற வேலை. வாந்திக்கு அங்கே ஆர் லெவன் என்று பெயர். அந்த எண்ணை நாள் முழுக்கத் தட்டினாலும் அவளுக்கு ஒன்றும் செய்யாது. அதனால் வீட்டிலும் அந்தச் சொல்லுக்குத் தடை போட்டு, ஆர் லெவன் என்றே புழங்கினார்கள்.

நம் ஊரில் கல்யாணமான பெண்ணுக்கு வாந்தி என்றால் அது நல்ல செய்தி. சர்ச்சில் ஒரு அத்தை, “இன்னாம்மா, ரெண்டாவதுக்கு வாந்தி கீந்தி உண்டா?” என்று விசாரிக்க, சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் ஜான்சி வெளிறிப்போய் தூணைப் பிடித்துக்கொண்டாள். போதாதா? அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏழெட்டுப் பேர் வந்து கையைக் குலுக்கினார்கள். ஒரு மகராசி மாங்காய் ஊறுகாயே போட்டுக் கொடுத்தனுப்பினாள். ஒன்றோடு நிறுத்தியதற்கு ஸ்கூல் ஃபீஸ்தான் காரணம் என்று பிறகு எல்லோரும் தீர்மானித்துக்கொண்டார்கள். முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது அவள் பட்ட பாட்டை அவளும் சிரோமணியும்தான் அறிவார்கள்.

அந்த முதல் பிள்ளைதான் ஷெரின். மூன்றாம் வகுப்பு. மகள் என்றால் ஜான்சிக்கு உயிர், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் அந்த உயிர் எதைத் தின்கிறது என்று நாள் முழுக்கக் காவல் காத்தாள். பானிபூரி கிடையாது. முந்தின நாள் குழம்பு கிடையாது. பிறந்தநாள் விருந்துகளில் கேக் ஒரு துண்டு, அதிலும் கிரீமை வழித்துவிட்டு. சாப்பிட்ட கையோடு ஓடினால் அதட்டல். இதையெல்லாம் மற்ற அம்மாக்கள் பொறுப்பு என்று பாராட்டினார்கள். பொறுப்புதான், யாருக்கு வேண்டிய பொறுப்பு என்பதுதான் கேள்வி.

ஷெரினுக்கு நாலு வயதிருக்கும்போது காய்ச்சல் வந்து, கூடத்தில் நடுத்தரையில் வாந்தி எடுத்துவிட்டாள். ஜான்சி மொட்டை மாடிக்கு ஓடிப்போய் கதவைத் தாழிட்டுக்கொண்டாள். கீழே “அம்மா, அம்மா” என்று பிள்ளை கத்துவது கேட்டது. காதைப் பொத்திக்கொண்டு, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டாள். சிரோமணி குழந்தையைக் கழுவி, தரையைத் துடைத்து, டெட்டால் போட்டு, மேலே வந்து கதவைத் தட்டிய பிறகே திறந்தாள். சின்னக் குழந்தை, மறந்திருக்கும் என்று அப்புறம் தன்னைத் தானே தேற்றிக்கொண்டாள். மறந்ததா என்று கேட்டுப் பார்க்கிற தைரியம் மட்டும் வரவில்லை. அதற்குப் பிறகு ஷெரின் வீட்டில் ஒருதடவைகூட ஆர் லெவன் செய்ததில்லை. தன்னுடைய சாப்பாட்டுக் காவல்தான் காரணம் என்று ஜான்சி நம்பினாள்.

அந்த நம்பிக்கை ஒரு சனிக்கிழமை காலையில் போயிற்று. வீட்டுக்காரம்மா சாமுண்டீஸ்வரி மடித்த பள்ளிச் சீருடை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு மாடியேறி வந்தாள். கணவனுக்கு சிமெண்ட், கம்பி வியாபாரம், அவளுக்குக் கீழ்வீட்டு ராஜ்ஜியம்.

“இந்தா ஜான்சி, உன் பொண்ணு யூனிபாரம். தொவைச்சு ஒணர்த்தி வச்சிருந்தேன். எப்பவும் அதுவே வந்து வாங்கிக்கினு பூடும், இந்த தபா மறந்துடுச்சு. நாங்க கல்யாணத்துக்குக் கெளம்பறோம், அதான் குடுத்துட்டுப் போலாம்னு.”

“உங்க வீட்டுக்கு எப்படிக்கா வந்துது இது?”

சாமுண்டீஸ்வரி நாக்கைக் கடித்துக்கொண்டாள். “ஐயே, சொல்ல வேணாம்னு கொழந்த சொல்லியிருந்துச்சு.”

“சொல்லுங்கக்கா.”

“வேன்ல வரச் சொல்லோ அதுக்கு வயித்தப் பெரட்டுது. அடக்கிக்கினே வந்து, எறங்கினதும் எங்க வூட்டுப் பின்பக்கம் ஓடிப் போயி எடுத்துடும். துணி நனைஞ்சா எங்க அண்ணன் பொண்ணு கவுனு ஒண்ணு கீது, அத்த மாட்டி அனுப்புவேன்.”

தண்ணீர் பாட்டில் கொட்டிவிட்டது, ஆன்ட்டி கவுன் கொடுத்தார்கள் என்று ஷெரின் சொன்னது ஜான்சிக்கு ஞாபகம் வந்தது. பாட்டிலை ஒழுங்காக மூடத் தெரியாதா என்று அன்றைக்குத் திட்டியதும் ஞாபகம் வந்தது.

“ஒரு தடவையாக்கா?”

“எங்க ஒரு தபா? இந்த வருசம் வேனு மாத்தினதுலேர்ந்து அப்பப்ப தான். நான்கூட கேட்டேன், அம்மாவாண்ட போ கண்ணு, அவங்கதான பாக்கணும்னு. அம்மாவுக்குப் பயம் ஆன்ட்டி, நீங்க சொல்லிடாதீங்கன்னுச்சு. மேல சத்தம் கேட்டுடப் போவுதுன்னு மொதல்ல குழாயத் தொறந்து உட்டுக்கினு அப்பறம் தான் குனியும். நெனச்சா பாவமா இருக்கும். நீ ஒண்ணும் மனசுல வச்சிக்காத.”

அவள் இறங்கிப் போய்விட்டாள். ஜான்சி சீருடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்றரை மணி வாக்கில் கீழே குழாய் கொட்டுகிற சத்தம் அவள் எத்தனையோ நாள் கேட்டதுதான். அக்கா பாத்திரம் போடுகிறாள் என்று நினைத்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு எண்களைத் தட்டியிருக்கிறாள்.

முதலில் அவளுக்கு வந்தது, வெட்கத்தை விட்டுச் சொன்னால், சாமுண்டீஸ்வரி மேல் கோபம். என் பிள்ளையை என்னிடம் சொல்லாமல் வைத்துக்கொள்ள இவள் யார்? அது ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. பெற்றவள் ஒருத்தி மாடியில் குத்துக்கல்லாக இருக்கும்போது பிள்ளை இன்னொருத்தியைத் தேடிப் போயிருக்கிறது என்றால் யாரைக் கோபித்து என்ன?

சிறுசேரி ஆபீசுக்குப் போகிற கேப் வருவதற்கு முன் சாப்பிட்டுக்கொண்டிருந்த சிரோமணியிடம் சொன்னாள்.

அவன் சோற்றைப் பிசைவதை நிறுத்தினான். “நான் உன்னைத் தப்பு சொல்லல, ஜான்சி. அவ உன்னைப் பாதுகாக்கறதா நெனச்சிக்கறா.”

“எட்டு வயசுப் புள்ள என்னைப் பாதுகாக்கணுமா?”

“அந்த கவுன்சிலர் கிட்ட திரும்பப் போலாமா?”

ஆன்லைனில் ஒரு கவுன்சிலரை முன்பு பார்த்திருந்தாள். படிப்படியாகப் பழக வேண்டும் என்றார் அவர். முதலில் சொல்லைச் சொல்வது, பிறகு படம் பார்ப்பது. படத்துக்கு வந்ததும் லேப்டாப்பை மூடியவள்தான். “போறேன். ஆனா அது சரியாகற வரைக்கும் அவ கீழயே போய்க்கிட்டு இருக்கணுமா?” என்றாள். கேப் ஹார்ன் அடித்தது.

அன்று சாயங்காலம் ஷெரினைத் தலைவாரிவிட உட்கார வைத்தாள். முகத்தைப் பார்த்துப் பேச வேண்டியதில்லை என்பதால் அதுதான் வசதி.

“சாமு ஆன்ட்டி யூனிபார்ம் கொண்டுவந்து குடுத்தாங்க.”

சின்ன முதுகு விறைத்தது.

“நான் திட்டப் போறதில்ல. இனிமே அந்த மாதிரி வந்தா மேல வா. என்கிட்ட வா.”

“நீ மொட்டை மாடிக்குப் போயிடுவியே.”

வாரிக்கொண்டிருந்த கை நின்றது. கேட்டுப் பார்க்கப் பயந்ததற்குக் கேட்காமலே பதில் வந்துவிட்டது.

“போனாலும் திரும்பி வருவேன்.”

“எவ்ளோ நேரத்துல வருவ?”

ஜான்சி வாயைத் திறந்தாள். சுலபமாகப் பொய் சொல்லியிருக்கலாம். “தெரியல. ஆனா வருவேன்,” என்றாள்.

“சரிம்மா,” என்றது பிள்ளை. பெரியவர்கள் சொல்வதற்கெல்லாம் பிள்ளைகள் சொல்கிற சரி.

திங்கட்கிழமை ஜான்சி வேன் டிரைவரைப் பிடித்து ஷெரினுக்கு முன் சீட்டு கேட்டு வாங்கினாள். டாக்டரிடம் மாத்திரையும் எழுதி வாங்கினாள். எல்லா அம்மாவும் செய்கிற காரியம்தான். ஆனால் இது பிள்ளைக்காகவா தனக்காகவா என்று முதன்முறையாக அவளுக்கே சந்தேகம் வந்தது. மூன்று மணி ஆனால் கீபோர்டில் விரல் தடுமாறும். வேன் வரும், ஷெரின் படியேறி ஓடிவருவாள், ஒன்றும் ஆகியிருக்காது. அப்பாடா என்றிருக்கும். அந்த அப்பாடாவின் அடியில் ஒரு ஏமாற்றமும் இருந்ததை அவள் கண்டுகொண்டாள். ஆயுசு முழுக்க எது வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டாளோ அதற்காகக் காத்திருக்கிறாள். வராமலேயே போய்விட்டால், பிள்ளை கடைசிவரை அந்தச் சரியோடேயே வளர்ந்துவிடும்.

ஆயுத பூஜை லீவுக்கு முந்தின நாள். ஊருக்குப் போகிற கூட்டத்தில் பெருங்களத்தூரில் வண்டி நகரவில்லை என்று வேன்காரர் போன் செய்தார். வேன் வந்து சேர்ந்தபோது நன்றாக நேரமாகியிருந்தது. ஹார்ன் கேட்டது. கேட் திறந்தது. காலடி மாடிப்படிக்கு வரவில்லை. கீழே பின்பக்கத்தில் குழாய் கொட்ட ஆரம்பித்தது.

கீழ்வீடு பூட்டியிருந்தது. சாமுண்டீஸ்வரி கன்னிகாபுரத்தில் இருக்கிற தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். ஜான்சிக்கு அது தெரியும். ஷெரினுக்கும் பூட்டைப் பார்த்ததும் தெரிந்திருக்கும். தெரிந்தும் மேலே வரவில்லை.

ஜான்சியின் காது அடைத்தது. நாக்கு உலர்ந்தது. இந்தப் பக்கம் மொட்டை மாடிக்குப் போகிற படி, அந்தப் பக்கம் கீழே இறங்குகிற படி. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

வீட்டு மூலையைத் திரும்பியதும் பார்த்துவிட்டாள். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஷெரின் குனிந்து நின்றிருந்தாள். புத்தகப்பை முதுகிலேயே இருந்தது. பிள்ளை குமட்டினால் பெற்றவள் ஓடிவந்து நெற்றியைப் பிடிப்பாள். சொல்லிக்கொடுத்து வருவதில்லை அது, கை தானாகப் போகும். இங்கே பிள்ளை தன் நெற்றியைத் தன் உள்ளங்கையாலேயே பிடித்துக்கொண்டு நின்றது. காலடி கேட்டதும் மற்றக் கையைப் பின்னால் நீட்டித் தடுத்தது.

“வராதம்மா. இதோ முடிஞ்சிடும்.”

ஜான்சி ஓடினாள். ஆமாம், ஓடித்தான் போனாள். கேட் வரைக்கும் ஓடி, இரும்புக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். தெருவில் சாயங்கால வெயிலில் யாரோ ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். பின்னால் பிள்ளை மறுபடி குமட்டுகிற சத்தம் கேட்டது. இவ்வளவு நேரம்தான், இதற்கு மேல் ஒரு நொடி நின்றாலும் மொட்டை மாடிதான் என்று அவளுக்குப் புரிந்தது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, சுவரைத் தடவித் தடவித் திரும்பி வந்தாள். செருப்பு ஈரத்தில் வழுக்கியது. கை புத்தகப்பையில் பட்டது, பிறகு கழுத்தில், பிறகு நெற்றியில் இருந்த சின்னக் கையில். அந்தக் கையை எடுத்துவிட்டுத் தன் கையை வைத்தாள். நெற்றி சில்லென்று வியர்த்திருந்தது.

“கண்ண மூடிட்டியாம்மா?”

“மூடிட்டேன்.”

“நான் சொல்ற வரைக்கும் தொறக்காத.”

“மாட்டேன். நீ எடு.”

அவள் கை நடுங்கிய நடுக்கத்தில் பிள்ளையின் தலையே ஆடியது. உள்ளங்கையில் ஒவ்வொரு குமட்டலும் தெரிந்தது. செத்துவிடுவோம் என்று தோன்றியது. தோன்றிக்கொண்டே இருந்தது. சாகவில்லை. ஏசுவே, ஏசுவே என்று முணுமுணுத்துக்கொண்டு நின்றாள். கையை எடுக்கவில்லை.

தண்ணீர் வாரி ஊற்றுகிற சத்தம் கேட்டது. வாய் கொப்பளிக்கிற சத்தம் கேட்டது.

“இப்ப தொற.”

திறந்தாள். கல் சுத்தமாகக் கழுவியிருந்தது. அம்மாவுக்காகக் கழுவிவிட்டுத்தான் கூப்பிட்டிருக்கிறாள். ஈர முகத்தோடு ஷெரின் அவளையே பார்த்தாள், நாடி பிடித்துப் பார்க்கிற டாக்டர் மாதிரி. அம்மா நிற்கிறாளா, வெளிறியிருக்கிறாளா, ஓடப் போகிறாளா?

அம்மா நின்றுகொண்டிருந்தாள்.

ஷெரினின் கீழுதடு பிதுங்கியது. “தொண்டை எரியுதும்மா,” என்றாள். “வயிறு ரொம்ப வலிக்குது. வேன்ல எல்லாரும் மூக்க மூடிக்கிட்டாங்கம்மா.” சொல்லச் சொல்ல அழுகை வந்துவிட்டது. அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, தெருவே கேட்கும்படி வாய்விட்டு அழுதாள். இத்தனை நாள் கீழே நின்று எடுத்த பிள்ளை ஒருநாளும் அழுததாக சாமுண்டீஸ்வரி சொல்லவில்லை.