முகம் திருப்பிக்கொள்ளும் நேரம்

அக்கா உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு வேலைக்கு வந்த அன்றைக்குத் தங்கைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மதியம் மூன்று மணி. மதுக்கூடத்தைப் பகலில் பார்க்கக் கூடாது. விளக்கையெல்லாம் போட்டுவிட்டால் வேஷம் கலைத்த நடிகை மாதிரி இருக்கும். மேஜைகளின்மேல் காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும் நாற்காலிகள், எத்தனை துடைத்தாலும் செருப்பைப் பிடித்து இழுக்கும் தரை, நேற்றைய எலுமிச்சைத் தோலின் வாடை. பின்னால் பீர்ப் பெட்டிகள் அடுக்கிய அறையில் ஒரு மேஜையைப் போட்டு, அங்கேதான் தங்கை கணக்கு எழுதுவாள். அக்கா கவுண்டருக்குப் பின்னால் பத்தொன்பது வருஷமாக ஊற்றிக்கொடுக்கிறாள். தங்கையை இந்த வேலைக்குக் கொண்டுவந்து விட்டதே அவள்தான். அதற்கும் முன்னால், தங்கை கணக்குப் படித்த செலவில் பாதி அந்தக் கவுண்டரில் விழுந்த டிப்ஸ்.

"எப்படிடீ இருக்கு?"

"என்னது?"

"உதட்டை நீட்டிக்கிட்டு நிக்கறேன், என்னதுன்னு கேக்கறே."

"நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் சிவப்பு ஜாஸ்தி."

"ஜாஸ்தியாத்தான் வேணும். இங்க எரியற மங்கல் விளக்குல வேற எது கண்ணுக்குத் தெரியும்?" பாட்டில்களுக்குப் பின்னாலிருந்த கண்ணாடியில் அக்கா தன்னையே பார்த்துக்கொண்டாள். "முன்னெல்லாம் வெள்ளிக்கிழமை டிப்ஸ் கவரு வாய் மூடாது. இப்ப ஊதினாப் பறக்குது. நீதானே போட்டுத் தரே, உனக்குத் தெரியாதா? மூஞ்சிக்கு மவுசு போயிடுச்சுடீ. அம்பத்திரண்டு வயசுக்காரி ஊத்திக் குடுத்தா எவன் டிப்ஸ் வைப்பான்?"

தங்கைக்குத் தெரியும். கவர் ஏன் இளைத்தது என்பதும் தெரியும்.

எல்லாம் ஒரு வாய்ச்சொல்லால் வந்தது. ஆறு மாதத்துக்கு முன்னால் முதலாளி ஒரு தாளைக் கொண்டுவந்து அவள் மேஜையில் போட்டார்.

"கணக்கைப் பாரும்மா, எவனும் இப்ப நோட்டை எடுக்கறதில்ல. ஒரு கிளாஸ் பீருக்கும் கார்டை நீட்டறான். நூத்துக்கு மூணரை மிஷின்காரன் வாய்க்குப் போகுது. நான் கடை நடத்தறது எனக்கா, அவனுக்கா?"

"பாதியாக்கிக் காட்டறேன் சார்."

நாக்கில் நரம்பில்லை, சொல்லிவிட்டாள். முதலில் செய்ததெல்லாம் யோக்கியமான வேலைதான். மூன்று மிஷின் கம்பெனிகளைக் கூப்பிட்டு ஒருவன் சொன்ன விலையை இன்னொருவனிடம் சொல்லி மூன்று பேரையும் இறக்கினாள். யாரும் அனுப்பாத ரசீதுக் காகிதத்துக்கு மாதாமாதம் பிடித்துக்கொண்டிருந்த காகிதக் கட்டணத்தை அடித்தாள். கார்டைத் தேய்க்கும்போதெல்லாம் ஒரு சில்லறை போகிறது என்று கண்டுபிடித்து, கிளாஸுக்குக் கிளாஸ் தேய்க்காமல் எழுந்து போகும்போது ஒரே தடவையாகத் தேய்க்கச் சொன்னாள். கமிஷன் மளமளவென்று இறங்கி வந்தது. வந்து, பாதிக்கு ஒரு விரற்கடை மேலே சண்டி மாடு மாதிரி நின்றுவிட்டது.

புது மிஷினைக் கொண்டுவந்தவன்தான் சொன்னான். "டிப்ஸுக்கும் சேத்துத்தானே மேடம் கமிஷன் புடிக்கறோம்? அது கடைக்கு வர்ற காசும் இல்ல. அந்தக் கேள்வியை மூலைக்குத் தள்ளிடுங்க. வேணுங்கறவங்க தேடிப் புடிச்சுக் குடுப்பாங்க."

கார்டை வைத்ததும் திரையில் 'டிப்ஸ் தருகிறீர்களா' என்று கேட்டு, பத்து, பதினைந்து, இருபது என்று மூன்று பெரிய கட்டங்கள் வரும். அது போய், மூலையில் கடுகளவு ஒரு புள்ளி. மிஷினின் ரகசியச் சொல் தங்கையிடம்தான் இருந்தது. அவளே உள்ளே போய் அவளே மாற்றினாள். எறும்பு கடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

பாதியாகிவிட்டது. முதலாளி கூப்பிட்டுச் சம்பளத்தை ஏற்றினார். அக்கா வருகிறவன் போகிறவனிடமெல்லாம், "எங்க வீட்டு மூளை அத்தனையும் சின்னவளுக்குப் போயிடுச்சு, எனக்கு வாய் மட்டும்தான்" என்று சொல்லிச் சிரித்தாள். சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வாள். இடப்பக்கம் ஒரு பல் இல்லை.

டிப்ஸில் பெரும்பகுதி கவுண்டரில் இருப்பவளுக்குப் போகும். வெள்ளிக்கிழமை தோறும் அதைக் கவரில் போட்டு ஒட்டுவது தங்கையின் வேலை. முதல் வாரம், மழை, கூட்டமில்லை என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். அடுத்த வாரம் மாதக் கடைசி என்றாள். அதற்கடுத்த வாரம் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. சாயத்துக்குப் பிறகு அக்கா தலைக்கும் மை போட்டுக்கொண்டு வந்தாள். காதோரம் கறுப்பு ஒழுகியிருந்தது.

ஒன்று மட்டும் தங்கைக்கு விளங்கவில்லை. தினம் மிஷினைத் தொடுகிறவளுக்கு அது எப்படிக் கண்ணில் படவில்லை?

ஒருநாள் சாயங்காலம் கதவு திறந்த கொஞ்ச நேரத்தில், கணக்கை மூடிவைத்துவிட்டு, கவுண்டருக்கு வெளியே வாடிக்கைக்காரர்கள் பக்கம் போய் உட்கார்ந்தாள். பக்கத்து ஸ்டூலில் பல் டாக்டர், வாரம் நாலு நாள் வருகிறவர். குடித்து முடித்து கார்டை எடுத்தார். அக்கா மிஷினை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். வைத்த கையோடு, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு கிளாஸை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள். ஏற்கெனவே பளபளவென்றிருந்த கிளாஸ்.

"ஏன்க்கா அந்தப் பக்கம் திரும்பிக்கறே?"

"அவர் எவ்ளோ வைக்கறார்னு பாத்துக்கிட்டு நிக்கணுமா? பிச்சைக்காரி மாதிரி இருக்கும்டீ. பத்தொம்பது வருஷமா நான் எவன் விரலையும் பாத்ததில்ல."

அக்கா அந்தக் கோடிக்குப் போனதும் டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "இங்க டிப்ஸ் வாங்கறதை நிறுத்திட்டீங்களாம்மா? மிஷின் கேக்கறதே இல்ல. சரி, சம்பளம் ஏத்திக் குடுத்துட்டாங்க போலன்னு நினைச்சுக்கிட்டேன்."

ஏற்றிக் கொடுத்தார்கள்தான். தங்கைக்கு.

மறுநாள் முதலாளியிடம் போனாள். அவர் வாசல்படியில் நின்று சரக்கு இறக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த டிப்ஸ் கேள்வியைத் திருப்பி வெச்சிடலாம் சார்."

"வெச்சுக்கோ."

இவ்வளவு சுலபமா என்று அவள் திகைத்து நிற்கும்போதே அவர் பெட்டிகளிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "ஆனா பாதின்னு சொன்னது நீ. பாதி இல்லன்னா உனக்கு ஏத்தினதும் இல்ல. பொல்லாதவன்னு என்னைச் சொல்லாதே. கேள்வியை எடுன்னு நான் சொல்லவே இல்ல. எடுத்தப்புறம்தான் எனக்கே தெரியும்."

அது உண்மை. அவர்மேல் ஒரு கைப்பிடி பழியைக்கூடப் போட முடியாதபடி உண்மை.

ஏற்றிய சம்பளம் போனால் போகட்டும் என்று அன்றைக்கே மூன்று கட்டங்களையும் திருப்பி வைத்துவிட்டாள். போட்ட முடிச்சை அவிழ்த்தாயிற்று, யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. அந்த ராத்திரி நன்றாகத் தூங்கினாள்.

வெள்ளிக்கிழமை கவர் வாய் மூடவில்லை. அக்கா அதைக் கையில் வைத்து எடை பார்த்தாள். பிறகு பீர்ப் பெட்டியின்மேல் சப்பென்று உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு குலுங்கக் குலுங்கச் சிரித்தாள்.

"பாத்தியா? சிவப்பு ஜாஸ்தின்னியே! சாயம் வேலை செஞ்சிடுச்சுடீ!"

தங்கை ஒட்டுப்பசையின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

"நாளைக்குப் பல் டாக்டர்கிட்டப் போறேன்" என்றாள் அக்கா. "பல்லு கட்டிக்கப் போறேன். ஒரு வருஷத் தவணை. சாயத்துக்கே இவ்ளோன்னா, பல்லும் இருந்தா? இனிமே மூஞ்சியைப் பாத்துக்கணும்டீ. இதுவரைக்கும் கைவேலையை நம்பிக்கிட்டிருந்தேன், முட்டாள் மாதிரி. எவனும் கைக்குக் குடுக்கல, மூஞ்சிக்குத்தான் குடுத்திருக்கான்."

தங்கைக்குச் சுருக்கென்றது. சிந்தாமல் ஊற்றுகிற கை. எவனுக்கு எது பிடிக்கும் என்று கேட்காமலே எடுத்து வைக்கிற கை. நிதானம் தப்பியவனை மனம் நோகாமல் வாசல்வரை கொண்டுபோய் விடுகிற கை. அந்தக் கையை அக்காவே கழித்துக் கட்டிவிட்டாள். கேள்வியைத் திருப்பி வைத்தது கவரை நிரப்பிவிட்டது, அக்காவிடமிருந்து எடுத்ததை அது தரவில்லை.

"அக்கா."

"பணத்தைப் பத்திப் பேசாதே, தவணையை நான் கட்டிப்பேன்."

"அது இல்லக்கா. கொஞ்சம் கவுண்டருக்கு வா."

கதவு திறக்க இன்னும் அரை மணி இருந்தது. தங்கை தன் பையிலிருந்து கார்டை எடுத்தாள். ஒரு கிளாஸ் சோடாவுக்கு விலையைப் போட்டாள்.

"என்னடீ, எங்கிட்டயே சோடா வாங்கிக் குடிக்கப் போறியா? சம்பளம் ஏறினவ திமிரு."

"இந்தப் பக்கம் வந்து உக்காரு. இங்க, எல்லாரும் உக்கார்ற எடத்துல."

அக்கா சிரித்துக்கொண்டே சுற்றி வந்து ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தாள். பத்தொன்பது வருஷத்தில் அந்தப் பக்கம் உட்காருவது முதல் தடவை போல, கால் எங்கே வைப்பது என்று தெரியாமல் தடவினாள். தங்கை அவள் இடத்துக்குப் போய் நின்றாள். கார்டை வைத்தாள். மிஷின் ஒரு முறை கூவியது. அதை எடுத்து, திரை அக்காவைப் பார்க்கும்படி திருப்பி வைத்தாள்.

வைத்த அந்த நொடியே, யாரோ கழுத்தைப் பிடித்துத் திருப்பியதுபோல அக்காவின் முகம் மறுபக்கம் திரும்பிவிட்டது. கை தானாக ஒரு துணியைத் தேடியது.

"பாருக்கா."

"சீ, என்னடீ இது."

"பாரு. போன வாரம் வரைக்கும் ரெண்டு மாசமா இது இங்க இல்ல. நான்தான்…"

அக்கா இன்னும் திரும்பவில்லை. ஆனால் கை தேடுவதை நிறுத்திவிட்டது. பாட்டில்களுக்குப் பின்னாலிருந்த கண்ணாடியில் அந்தச் சிவப்பு உதடு மட்டும் தெரிந்தது. கவுண்டரின்மேல் மூன்று கட்டங்களும் ஒளிர்ந்தபடி, பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தன.