கதவு திறந்திருந்த வழக்கு

தையல் கம்பெனி வழக்கில் தீர்ப்பு வந்த மதியத்திலிருந்து அந்த நகரத்தில் ஒரு கதவும் பூட்டிக்கொள்ளவில்லை. சாவி நுழைந்தது, திரும்பியது, டக்கென்று சத்தமும் கேட்டது. தள்ளினால் கதவு திறந்துகொண்டது. பூட்டுக்காரர்கள் ஒரு வாரம் எண்ணெய் விட்டுப் பார்த்துவிட்டுக் குடை ரிப்பேருக்கு மாறினார்கள். திருடர்கள் ஒரு மாதம் ஆலாய்ப் பறந்து, பிறகு சலித்துப்போய் ஓய்ந்தார்கள்.

இந்த நகரத்தின் பெருங்குற்றங்களை எழுதிவைத்தவர்கள் கழுத்தறுத்தவனையும் வங்கியைக் கொள்ளையடித்தவனையும் படத்தோடு போட்டிருக்கிறார்கள். அந்தத் தையல் கம்பெனியின் மூன்றாவது மாடியில் நாற்பத்தொரு பெண்கள் எரிந்துபோனதை மட்டும் விபத்து என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். என்ன விபத்து? துண்டுத்துணி வெளியே போய்விடுமென்று முதலாளி கதவை வெளியிலிருந்து பூட்டி வைத்திருந்தார். கதவு திறந்துதான் இருந்தது, பதற்றத்தில் பெண்களுக்குத்தான் தள்ளத் தெரியவில்லை என்று கோர்ட்டில் வாய்கூசாமல் சொன்னார். நீதிபதியும் தலையாட்டினார். இதை எழுதும்போதும் வயிறு எரிகிறது.

அங்கே சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் அம்மா, தீர்ப்புக்கு மறுநாள் காலை முதலாளி வீட்டுக்குள் நடந்து போய்ச் சோபாவில் உட்கார்ந்தாள்.

"யாரு உன்னை உள்ளே விட்டது?"

"கதவு திறந்துதாங்க இருந்துச்சு. அன்னைக்குப் பூட்டினது நான்தான்னு உங்க வாயால சொல்லுங்க, போயிடுறேன்."

காவலாளிகள் வெளியே தள்ளினார்கள். பத்து நிமிடத்தில் உள்ளே இருந்தாள். முதலாளி அலமாரியைக் கதவுக்கு முட்டுக்கொடுத்தார், அது தானாக நகர்ந்து வழிவிட்டது. வீடு மாற்றினார், அங்கேயும் வந்தாள். ஏழு வருடம், ஒரு ஞாயிறு விடாமல். முதலாளியின் மருமகள் அவளுக்கும் சேர்த்து டீ போடப் பழகிவிட்டாள்.

எட்டாம் வருடம் ஒரு காலை முதலாளி பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "நான்தாம்மா பூட்டினேன்" என்றார்.

"தெருவுக்குக் கேக்குற மாதிரி சொல்லுங்க."

ஜன்னலருகே போய் உரக்கச் சொன்னார். தெருவில் போனவர்கள் நின்று கேட்டார்கள். அவள் வெகுநேரம் அழுதாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"இனிமே வரமாட்டீங்களே?" என்றார் முதலாளி.

"நான் வரமாட்டேங்க. நீங்க சொன்னது என் பொண்ணுக்கு."

மறுநாள் காலை அதே சோபாவில், அந்தத் தீயில் போன இன்னொருத்தியின், காலர் தைத்தவளின், அக்கா உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் வாசல்வரை முப்பத்தொன்பது பேர் அவசரமில்லாமல் வரிசையில் நின்றார்கள். முதலாளி சட்டையை மாட்டிக்கொண்டு ஜன்னலருகே போனார்.