தீ. மாதம்மாள் என்று பெயர் வெட்டிய போசி

1

இது கதையாக வந்திருக்கவே வேண்டியதில்லை. எங்கள் பங்குக் கோயில் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று அருள்சாமி போன் செய்தார். மலரின் எல்லா வேலையும் அவர் தலையில்தான். “பள்ளிக்கூடத்துல படிச்ச கதை, எங்கியாவது டூர் போனது, கடைசியில வூட்டுப் பலகாரம் ஒண்ணு எப்படிச் செய்யறதுன்னு போட்டுடுங்க டீச்சர். ரெண்டு பக்கம் போதும். முடிவு மட்டும் சந்தோசமா இருக்கட்டுங்க,” என்றார். அதற்கென்ன, எழுதிவிடலாம் என்றேன்.

எழுத உட்கார்ந்தால் எதிரே மேசையில் ஒரு தூக்குப்போசி. பரணிலிருந்து நானே இறக்கி, புளி போட்டுத் தேய்த்து வைத்தது. வளைந்த கைப்பிடி, இறுக்கமான மூடி, வயிற்றில் புள்ளி புள்ளியாக வெட்டிய பெயர்: தீ. மாதம்மாள். எங்கள் வீட்டில் அந்தப் பெயரில் யாரும் கிடையாது. மாதம்மாள் என் பள்ளித் தோழி காவேரியின் அம்மா. ‘தீ’ என்பது காவேரியின் அப்பா தீர்த்தகிரி. 1987இல் எங்கள் வீட்டுக்கு வந்த போசி இன்னும் திரும்பிப் போகவில்லை.

நாளை ஞாயிற்றுக்கிழமை அதைத் திருப்பிக் கொடுக்கப் போகிறேன். அல்லது கொடுக்கப் போவதில்லை. அது தெரியாததால்தான் கட்டுரை கதையாகிவிட்டது. அடுப்பில் வெல்லம் கரைந்துகொண்டிருக்கிறது, நடுவில் எழுந்து எழுந்து போவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

(அ) “தொப்பூர் கணவாயில் எங்கள் பஸ் மூச்சு வாங்கி நின்றபோது…” பஸ் நிற்கும் முன்பே உங்களுக்குக் காவேரியைத் தெரிந்திருக்க வேண்டும். வேண்டாம்.

(ஆ) “எண்பதுகளின் தருமபுரி எவ்வளவு அழகாக—” பொய். எண்பதுகளின் தருமபுரி வெயிலும் புழுதியுமாக இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் அதில் சிரித்துக்கொண்டிருந்தோம், அவ்வளவுதான்.

(இ) ஒரு மடியிலிருந்து தொடங்கலாம்.

காலையில் பாப்பாரப்பட்டியிலிருந்து தருமபுரி போகும் பஸ் எங்கள் ஊருக்கு வருவதற்குள் நிரம்பிவிடும். ஆறாம் வகுப்பு சேர்ந்த முதல் நாள், கம்பியும் எட்டாமல் பையும் தாங்காமல் ஆடிக்கொண்டிருந்தேன். சன்னலோரம் இரட்டைச் சடை போட்ட ஒருத்தி என்னை மேலும் கீழும் பார்த்தாள். “பையக் குடு புள்ள, மடியில வெச்சிக்கறேன்,” என்றாள். கொடுத்தேன். கூட ஒரு கேள்வியும் கேட்டாள்: “உள்ள என்ன சோறு? வாசனை வருது.”

காவேரி அப்படித்தான். பாப்பாரப்பட்டியிலேயே ஏறிவிடுவதால் அவளுக்கு எப்போதும் இடம் கிடைக்கும். மறுநாளிலிருந்து பக்கத்து இடத்தில் தன் பையை வைத்து, கேட்டவர்களிடமெல்லாம் “ஆள் வருது” என்று அதட்டி எனக்கும் இடம் பிடித்தாள். அவள் வீட்டில் கன்னடம் பேசுவார்கள், பட்டுப்புழு வளர்ப்பார்கள். நாங்கள் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள், கேழ்வரகும் நிலக்கடலையும் போடுகிறவர்கள். இரண்டு வீட்டாரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. பார்த்துக்கொண்டதெல்லாம் போசி வழியாகத்தான்.

3

போசி எப்படிக் கிளம்பியது என்றால், நான் ஒருநாள் காவேரியின் அவரைக்கொட்டைச் சாற்றை நக்கி நக்கிச் சாப்பிட்டேன். அதை அவள் வீட்டில் போய்ச் சொல்லிவிட்டாள். அடுத்த திங்கட்கிழமை மாதம்மாள் ஒரு போசி நிறையச் சாறு அனுப்பிவிட்டார்.

எங்கள் அம்மா ராஜமேரி போசியைக் கழுவிக் கவிழ்த்தாள். “வெறும் போசியத் திருப்புனா மாதம்மா என்ன நெனைக்கும்?” என்று எள்ளுருண்டை பிடித்து நிரப்பினாள். அங்கே மாதம்மாளும் அதே போல நினைத்துத் தட்டுவடை போட்டு அனுப்பினார். வெறுமையாகத் திருப்பக்கூடாது என்ற ஒரே பிடிவாதத்தில் இரண்டு அம்மாக்களும் அந்தப் போசியை நிற்கவே விடவில்லை. ஆறாம் வகுப்பில் கிளம்பியது பத்தாம் வகுப்பு வரை ஓடியது.

கண்டக்டர் பச்சியப்பன் டிக்கெட் கிழிக்கும் முன் மடியைத்தான் பார்ப்பார். “இன்னிக்கி எந்த வூட்டு முறை?” என்பார். ஒன்று எடுத்து வாயில் போட்டுக்கொண்டுதான் விசில் அடிப்பார்.

அம்மாவிடம் இன்னொரு சட்டமும் இருந்தது. காரம் வந்தால் எது வேண்டுமானாலும் போகலாம். இனிப்பு வந்த போசியில் இனிப்புதான் போக வேண்டும். *

* இந்தச் சட்டத்தை மறந்துவிடாதீர்கள். கதையைக் கெடுத்தது இதுதான்.

4

அருள்சாமி கேட்ட பலகாரம். எங்கள் வீட்டுக் கச்சாயம். காவேரி வீட்டில் இதையே கஜ்ஜாய என்பார்கள்.

பச்சரிசியை ஊறவைத்து, வடித்து, நிழலில் துணி மேல் பரப்ப வேண்டும். தொட்டால் ஈரம் தெரிய வேண்டும், கையில் ஒட்டக்கூடாது. அப்போதே இடித்துச் சலிக்க வேண்டும். பாகு வெல்லத்தைக் கரைத்து வடிகட்டிக் காய்ச்ச வேண்டும். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கரையாமல், விரலால் உருட்டினால் உருண்டு வர வேண்டும். இதில் சுக்கும் ஏலக்காயும் தட்டிப் போட்டு மாவைக் கொட்டிக் கிளற வேண்டும். மாவு ஒரு ராத்திரி கிடக்கட்டும். மறுநாள் இலையில் தட்டி எண்ணெயில் போட்டு எடுத்தால், காவேரி ஒரே கடியில் பாதியைத் தின்றுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு என் தோளில் சாய்ந்து, “ஏ இசபெல்லு, எனக்குக் கல்யாணமே ஆனாலும் ஒங்கம்மா

[பாகு பொங்கிவிட்டது. அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன். அந்த வாக்கியத்தின் மீதி போய்விட்டது. போகட்டும். அவள் அப்படிச் சொன்னதாக எனக்கு நிச்சயமும் இல்லை. கல்யாணம் என்ற சொல்லை நான்தான் இப்போது அவள் வாயில் போடுகிறேன்.]

5

இனி தொப்பூர்.

பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு முன் எங்களை மேட்டூர் அணைக்குக் கூட்டிப்போனார்கள். எங்கள் தவக்காலம், பாஸ்கா என்கிற ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பு, அப்போதுதான் தொடங்கியிருந்தது. காலையில் பஸ் ஏறும்போதே காவேரி மடியில் போசி இருந்தது. “குடுடி,” என்றேன். “அப்பறம்,” என்றாள். அணையைப் பார்த்தோம், பூங்காவில் புளிச்சோறு சாப்பிட்டோம், ஊஞ்சலில் ஆடினோம். ஊஞ்சலிலும் போசியை மடியில் வைத்துக்கொண்டே ஆடினாள். யார் கேட்டும் திறக்கவில்லை.

திரும்பும்போது கணவாய் ஏற்றத்தில் பஸ் என்ஜின் கொதித்து ஆவி அடித்தது. எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். லாரிகள் முனகிக்கொண்டே ஏறின. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. சாலையோரக் கல்லில் உட்கார்ந்திருந்தபோது காவேரி போசியை என் மடியில் வைத்தாள்.

இந்த இடத்தை முதலில் இப்படி எழுதியிருந்தேன்: “‘இசபெல்லு, என்னைய எங்க மாமனுக்குக் கட்டிக் குடுக்கறாங்க. எனக்குப் படிக்கணும்டி,’ என்று விம்மினாள்.” அடித்துவிட்டேன். காவேரி விம்மவில்லை. படித்துப் பார்த்தால் யாரோ ஒரு பெண் பேசுகிறாள், அவளுக்கு என் தோழியின் சடை மட்டும் இருக்கிறது. காவேரி சொன்னது இவ்வளவுதான்:

“அம்மா குடுத்துச்சி. ஒப்பட்டு.”

“ஒப்பட்டா? இன்னும் யுகாதியே வரலியே!”

“சுட்டாங்க.”

“அதக் காலையிலியே குடுத்தா என்னவாம்?”

அவள் லாரிகளைப் பார்த்தாள். “குடுத்துட்டா மடி சும்மா இருக்குமில்ல,” என்றாள்.

நான் சிரித்தேன். பஸ் கிளம்பியது. பாட்டுப் பாடிக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தோம்.

6

அம்மா மூடியைத் திறந்தாள். நெய் தடவி மடித்த ஒப்பட்டுகள். * “யுகாதிக்கு முன்னாடியே ஒப்பட்டு சுடறாங்கன்னா அந்த வூட்ல ஏதோ நல்ல காரியம்,” என்றாள்.

* துவரம்பருப்பை மலர வேகவைத்து வடிக்க வேண்டும். வடித்த தண்ணீரைக் கொட்டினால் மாதம்மாள் அடிப்பார், அதில்தான் ஒப்பட்டுச் சாறு. பருப்பை வெல்லத்தோடு கிளறி அரைத்து, மைதா மாவுக்குள் பொதிந்து, இலையில் தட்டிக் கல்லில் போட வேண்டும். இதெல்லாம் காவேரி பஸ்ஸில் சொன்னது. நான் சுட்டால் பிய்ந்து போகிறது.

திங்கட்கிழமை பஸ்ஸில் சன்னலோரத்தில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். அடுத்தடுத்த நாளும் அப்படியே. “பாக்கு வெத்தல மாத்தியாச்சாம், வூட்டுல நிறுத்திட்டாங்களாம்,” என்று கண்டக்டர் பச்சியப்பன்தான் சொன்னார். வந்து அம்மாவிடம் அழுதேன்.

அம்மா அப்போதே முடிவு செய்துவிட்டாள். “நானே போயி மாதம்மாளக் கேக்கறேன். படிப்ப முடிக்கட்டும், கல்யாணத்த அப்பறம் வெச்சிக்குங்கன்னு சொல்றேன். அஞ்சு வருசமா ஒண்ணா மண்ணாத் தின்னுருக்கறோம், எம் பேச்சத் தட்டமாட்டா.”

“இப்பவே போலாம்மா.”

“வெறும் போசியத் தூக்கிட்டு ஒரு வூட்டு வாசல்ல போயி நின்னு, பொண்ண அனுப்புங்கன்னு கேக்க முடியுமாடி? இனிப்பு வந்த போசி. தவசு காலத்துல வூட்ல எந்த இனிப்பும் செய்யமாட்டேன். பாஸ்கா முடியட்டும். கச்சாயத்தோட போலாம்.”

பங்குச் சாமியாரைக் கேட்டிருந்தால் அவரே மாவு இடிக்கச் சொல்லியிருப்பார். அம்மா கேட்கவில்லை. அவளுக்குச் சாமியாரைவிட பக்தி அதிகம்.

காவேரி இல்லாமல் பரீட்சை எழுதினேன். பாஸ்காவுக்கு மறுநாள் அம்மா போசி நிறையக் கச்சாயம் அடுக்கினாள். பட்டுச்சேலை கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் பாப்பாரப்பட்டி போய் விசாரித்து அந்த வீட்டைக் கண்டுபிடித்தோம். கதவு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுக் குள்ளம்மாள் முறத்தோடு எழுந்து வந்தார்.

“அல்லாரும் கனகபுரா போயிட்டாங்களே. பொண்ணு கல்யாணம் அங்கதான். போன வாரமே முடிஞ்சிபோச்சி. தீர்த்தகிரியும் அங்கியே பட்டு வேலைக்கிப் போறாராம், இனி வரமாட்டாங்க. குந்துங்க, தண்ணி குடிச்சிட்டுப் போங்க.”

அம்மா உட்காரவில்லை. கச்சாயத்தை அங்கே கொடுத்துவிட்டு வரவும் இல்லை. “இது மாதம்மா வூட்டுக்குப் போறது,” என்றாள். திரும்பும் பஸ்ஸில் நிறைந்த போசியை மடியில் வைத்துக்கொண்டு சன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். பச்சியப்பன் வந்து பார்த்தார். அன்று அவர் கேட்கவும் இல்லை, எடுத்துக்கொள்ளவும் இல்லை.

[அம்மாவை இங்கே கடுமையாக எழுதிவிட்டேனோ என்று இரண்டு முறை படித்துப் பார்த்தேன். இல்லை. அவள் மரியாதை தெரிந்தவள். காவேரியை இழந்தது அந்த மரியாதையால்தான். இரண்டையும் சேர்த்துத்தான் அவளை நினைக்கிறேன். இப்போது அவளும் இல்லை.]

7

போன வாரம் அதியமான்கோட்டை டீக்கடையில் யாரோ என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதைக் கேட்டு ஒருவர் வந்து, “இசபெல்லா அக்காங்களா?” என்றார். காவேரியின் தம்பி சென்னப்பனாம். தலை முழுக்க நரைத்திருந்தது.

“அக்கா நல்லாருக்குதுங்க. கனகபுராதான். வர்ற ஞாயித்துக்கிழம ஒறம்பரை சொந்தக்காரங்க வூட்டு விசேசத்துக்குப் பாப்பாரப்பட்டி வருதுங்க. வாங்களேன்.”

“என்னையத் தெரியுமா அதுக்கு?”

சென்னப்பன் சிரித்தார். “தெரியாம என்னங்க?” என்றார். அது மரியாதைக்குச் சொன்னதா, உண்மையா என்று தெரியவில்லை.

அதனால்தான் இந்த மாவு. முடிவுகளையும் எழுதி வைத்திருக்கிறேன்.

முதல் முடிவு: காவேரி மூடியைத் திறக்கிறாள். ஒரே கடியில் பாதியைத் தின்கிறாள். அருள்சாமிக்கு இது போதும்.

இரண்டாவது: பெயரைத் தடவிப் பார்த்துவிட்டு, “அட, எங்கம்மா போசி. எங்க கெடந்துச்சி?” என்கிறாள். கச்சாயத்தை ஒரு தட்டில் கொட்டிவிட்டுப் பேத்தியைக் கூப்பிடுகிறாள். அவள் நல்லவிதமாகத்தான் பேசுகிறாள். எனக்கு ஒரு டீ வருகிறது.

மூன்றாவது: காவேரி வரவில்லை.

எனக்குப் பயம் இரண்டாவதில்தான். போசி அவர்களுடையது. அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் அங்கேயே இருந்துவிடலாம், தப்பே இல்லை. ஆனால் இத்தனை வருடமும் ‘முறை என்னுடையது, நான்தான் திருப்ப வேண்டும்’ என்று இருந்தது. காவேரிக்கும் எனக்கும் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். அதையும் நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, வெறும் மடியோடு எப்படித் திரும்பி வருவேன்? மடி சும்மா இருக்கும் என்று அவள் தொப்பூரில் சொன்னது எனக்கு இப்போதுதான் வலிக்கிறது.

8

ஞாயிறு காலை. பூசை முடிந்து வந்து கச்சாயம் சுட்டேன். நடுவில் கொஞ்சம் குழிந்துவிட்டது. அம்மாவுடையது குழியாது. இருந்தாலும் போசி நிறைந்துவிட்டது.

பாப்பாரப்பட்டி பஸ்ஸில் கூட்டம். கம்பி இப்போது எட்டுகிறது, கைதான் தாங்கவில்லை. நிறுத்தம் நெருங்குகிறது. மூன்று முடிவில் எது என்று எனக்குத் தெரியாது. ஒன்றைத் தேர்ந்தெடுத்து எழுதினால் அது காவேரி செய்ததாக இருக்காது, நான் செய்ததாகத்தான் இருக்கும். அந்த விம்மலைப் போல அதையும் அடித்துவிடுவேன். எழுதமாட்டேன்.

நீங்கள் சன்னலோரம் உட்கார்ந்துதானே படிக்கிறீர்கள்? இந்தாங்க, இந்தப் போசியக் கொஞ்சம் மடியில வெச்சிக்குங்க. சூடா இருக்குது, பாத்து.