மேல் கமெனாவுக்கு எட்டுச் சாப்பாடு

மெக்கானிக் வெலிச்கோ கியர்பாக்ஸின் ஆயில் ஸ்டிக்கை உருவி மூக்கடியில் வைத்து மோந்து பார்த்தார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சொட்டைப் பழைய செய்தித்தாளில் விட்டார். அது பளிச்சென்ற சிவப்பு வட்டமாகப் பரவியது. குனிந்து அதையும் ஒருமுறை மோந்தார்.

தஃபினா கராஜ் வாசலில் கிடந்த டயரின் மேல் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மணி எட்டேகால். பத்துக்கு அவள் நகரத்துச் சமையல்கூடத்தில் நிற்க வேண்டும். ஐந்து மலை ஊர்களில் முப்பத்தொரு கிழடுகளுக்கு அடுக்குக் கேரியர்களில் மதியச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பது அவள் வேலை. நகராட்சியிடம் ஒப்பந்தம் எடுத்த ஒரு கம்பெனி அவளை அமர்த்தியிருந்தது. கார் மட்டும் அவளுடையது.

"என்னண்ணே, எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர் மாதிரி நிக்கிற? இருக்கா, போயிருச்சா? சொல்லித் தொலை."

"இரும்மா. ஆயில் புத்தம் புதுசா இருக்கு. கருகின வாடை வரணும், வரல. அதான் இடிக்குது. என்ன பண்ணுதுன்னு இன்னொரு தடவை சொல்லு."

"காலையில ஒழுங்காப் போகுது. அரை மணி நேரம் ஓடி சூடானதும், மேட்டுல இன்ஜின் மட்டும் காட்டுக்கத்தலாக் கத்துது. வண்டி நகர மாட்டேங்குது. ஆக்சிலேட்டர்லேர்ந்து காலை எடுத்தா பொளேர்னு ஒரு உதை. கொஞ்சம் போகுது. மறுபடியும் கத்தல்."

வெலிச்கோ அவளைக் காரில் உட்காரச் சொன்னார். பிரேக்கை முழுசாக மிதித்துக்கொண்டு, முன்னால் போகிற டி-யில் போட்டு ஆக்சிலேட்டரை அழுத்தச் சொன்னார். இன்ஜின் சுற்றைக் காட்டும் முள் இரண்டாயிரத்தைத் தாண்டி, மூவாயிரத்தைத் தாண்டி, நிற்காமல் ஏறியது. கார் அசையக்கூட இல்லை. "போதும், போதும்" என்று ஜன்னலைத் தட்டினார். அடுத்து ரிவர்ஸில் போடச் சொன்னார். இந்த முறை முள் இரண்டாயிரத்துச் சொச்சத்தில் நின்றுவிட, கார் பின்பக்கமாக உந்தி பிரேக்கோடு மல்லுக்கட்டியது.

"பாத்தியா? ரிவர்ஸ்ல எப்படி இழுக்குது!" என்றார். அதில் அவருக்குச் சந்தோஷம் இருந்த மாதிரி தெரியவில்லை.

பிறகு அவரே ஓட்டினார். பாலம்வரை ஒரு குறையுமில்லாமல் போனது. கல்லறைத் தோட்டத்து மேட்டில் இன்ஜின் அலறியது, கார் திணறி நின்றது. வெலிச்கோ திருப்பிக்கொண்டு வந்து, காரைக் கராஜ் பள்ளத்தின் மேல் நிறுத்திக் கீழே இறங்கினார். கியர்பாக்ஸின் அடித்தட்டைக் கழற்றிக் கொண்டுவந்து அவளிடம் காட்டினார். தட்டின் மூலையில் இருந்த காந்தத்தில் இரும்புத்தூள் தாடி மாதிரி ஒட்டியிருந்தது. அடியில் கறுப்பாக ஒரு பசை. அதை அவர் விரலால் வழித்தார்.

"ஆயிலை யாரு மாத்தினது?"

"கம்பெனி அனுப்பின கராஜ்ல. பதினோரு நாள் ஆச்சு. ஏன்?"

"மெஷின் வச்சு முழுசாக் கழுவிட்டாங்களா?"

"ஆமா, கழுவிட்டுத்தான் ஊத்தினாங்க. வருஷத்துக்கு ஒருதடவை கார் லாயக்குன்னு கம்பெனியில தாள் குடுப்பாங்க இல்ல? இந்த வருஷம் புதுசா ஒண்ணு சேத்திருந்தாங்க. எல்லா ஆயிலும் மாத்தி ரசீது வைக்கணும், இல்லேன்னா தாள் செல்லாதுன்னு. சம்பளத்துல பிடிச்சுக்கிட்டாங்க. ஏண்ணே, நல்ல ஆயில்தானே ஊத்தினாங்க?"

வெலிச்கோ பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்தார். விரல்களைக் கந்தலில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நல்ல ஆயில்தான். அதான் வினை. இது இருபத்தஞ்சு வருஷ வண்டி. உள்ள பிளேட்டெல்லாம் எப்பவோ தேஞ்சு வழுவழுன்னு போயிருக்கு. தேஞ்ச தூள் பூராவும் பழைய ஆயில்ல கலந்து கிடந்தது. அந்த அழுக்குதான் பிளேட்டைப் பிடிச்சு வண்டியை இழுத்துக்கிட்டு இருந்தது. நான் இத்தனை வருஷமா உன் கியர்பாக்ஸ் ஆயிலைத் தொடாம விட்டேனே, ஏன்? சோம்பேறித்தனமா?"

"அப்ப அந்தப் பழைய ஆயிலையே ஊத்திடு."

"எங்க போய்த் தேடுறது? கொட்டியிருப்பானுங்க."

தஃபினா சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அறுந்துபோயிற்று. "அழுக்கைக் கழுவினதுக்கு இந்தக் கதியா? அட கடவுளே! அவங்க சொன்னதைச் செஞ்சதுக்கு எனக்கா இந்தத் தண்டனை?"

"தேஞ்ச பிளேட்டு என்னைக்காவது போகும்தான். ஆனா இன்னும் ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் ஓடியிருக்கும். மாத்தணும்னா கியர்பாக்ஸையே இறக்கணும். அந்தக் காசுக்கு இதே மாதிரி ரெண்டு கார் வாங்கலாம்."

"அந்தக் காசு இருந்தா நான் ஏண்ணே அடுத்தவன் வீட்டுக்கு அவரைக்கொட்டை சூப் சுமக்கிறேன்?"

"என் வேனை எடுத்துக்கோன்னு சொல்லியிருப்பேன். உன்னால கிளட்ச் மிதிக்க முடியாதே."

அவள் தன் இடது காலைப் பார்த்தாள். ஐந்து வருஷத்துக்கு முன் பனியில் வழுக்கி விழுந்தபோது கணுக்காலில் இரும்புத் தகடு வைத்திருந்தார்கள். கியர் போடுகிற வண்டி அவளுக்கு ஆகாது. அதனால்தான் இந்தப் பழைய ஆட்டோமேட்டிக்கைத் தேடி வாங்கினாள். வீட்டில், ஈயச் சுரங்கத்தில் நுரையீரலைக் கொடுத்துவிட்டு வந்த புருஷன் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து இழுத்து இழுத்து மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறான். அவளுக்குப் பென்ஷன் வர இன்னும் நாலு வருஷம். ஐம்பத்தாறு வயதுக்காரிக்கு இந்த ரொடோபி மலையில் வேறு யாரும் வேலை வைத்துக்கொண்டு காத்திருக்கவில்லை.

"அடித்தட்டை மாட்டிவிடு. எத்தனை நாளைக்கு ஓடும்?"

"சமதளத்துல ஓடும். மேட்டுல ஓடாது. ரிவர்ஸுக்கு வேற பிளேட்டு, அது புதுசாவே கிடக்கு. எவன் பின்பக்கமாவே கார் ஓட்டுறான்?"

பத்து மணிக்குச் சமையல்கூடத்தின் பின்வாசலில் அவள் கேரியர்களை ஏற்றிக்கொண்டிருந்தாள். இன்றைக்கு அவரைக்கொட்டை சூப், அடைத்த மிளகாய், தயிர். மேற்பார்வையாளர் ஸ்டாமோவ் பட்டியலோடு வந்து நின்றார். முப்பத்தைந்து வயதிருக்கும், குரல் உயர்த்தாத மனிதர். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ஆயில், பிளேட்டு, அழுக்கு, கல்லறைத் தோட்டத்து மேடு. அவர் பட்டியலை விட்டுக் கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"தஃபினாம்மா, இப்ப நீங்க சொன்னது எதுவும் என் காதுல விழல."

"என்ன சார்?"

"விழுந்துச்சுன்னா நான் எழுதணும். கார் லாயக்கில்லைன்னு எழுத்துல வந்துட்டா அன்னைக்கே உங்க ஒப்பந்தம் முடிஞ்சுது. கார் உங்க பொறுப்புன்னு நீங்கதான் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"உங்க தாள்ல கேட்டதாலதானே சார் ஆயில் மாத்தினேன்? நீங்க காட்டின கராஜ்லதானே மாத்தினாங்க?"

"புது ஆயில் ஊத்தினதால கார் கெட்டுப்போச்சுன்னு நான் தலைமை ஆபீசுக்கு எழுதவா? சிரிப்பாங்கம்மா." அவர் குரலை இன்னும் தாழ்த்தினார். "போன வாரம் மேல் கமெனாவுக்கு ரெண்டு தடவை லேட்டு. மூணாவது லேட்டுன்னா என் கையில ஒண்ணுமில்ல. வேன் வச்சிருக்கிற ஆளு ஒருத்தர் இந்த வேலையைக் கேட்டு தினமும் போன் பண்றாரு. பன்னிரண்டரைக்குள்ள அங்க எட்டுக் கையெழுத்தும் வாங்கிடுங்க. எப்படிப் போறீங்கன்னு நான் கேக்கமாட்டேன்."

அவர் கெட்டவர் இல்லை. கடைசிப் பெட்டியை அவரே தூக்கிக் காரில் வைத்தார்.

கீழ் ஊர்கள் நாலும் சொன்ன நேரத்துக்கு முடிந்தன. பதினொன்று முப்பத்தைந்துக்கு அவள் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினாள். அங்கிருந்து மேல் கமெனாவுக்கு நாலு கிலோமீட்டர், முழுக்க ஏற்றம். முதல் வளைவுக்கு முன்னாலேயே இன்ஜின் அலறத் தொடங்கியது. அவள் காலை எடுத்தாள், கார் உதைத்தது, பத்தடி போனது, மறுபடி அலறியது. ஓரம் கட்டி இன்ஜினை அணைத்து, ஐந்து நிமிஷம் ஆறவிட்டு மறுபடி பார்த்தாள். இம்முறை கார் முன்னால் போகாமல் மெல்லப் பின்னால் சரிந்தது. அவள் ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஸ்டியரிங்கை உள்ளங்கையால் அடித்தாள். "போடீ, போ, உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன் போ" என்றாள் காரிடம். மணி பதினொன்று நாற்பத்தெட்டு.

அவள் இறங்கினாள். பின்கண்ணாடியை மறைத்து நின்ற எட்டுக் கேரியர்களையும் ஒவ்வொன்றாக எடுத்து முன் இருக்கைக்கு மாற்றி, கோட்டைக் கழற்றி அவற்றைச் சுற்றிக் கட்டினாள். காரைப் பாலத்தடி வரை உருட்டிக்கொண்டு போய்த் திருப்பினாள். பின்பக்கத்தை மலைக்குக் காட்டி, வலது கையை அடுத்த இருக்கையின் முதுகில் போட்டு, கழுத்தை முழுசாகத் திருப்பிக்கொண்டு ரிவர்ஸில் போட்டாள். கார் ஒரு முனகல்கூட இல்லாமல் ஏறியது.

முதல் கிலோமீட்டரிலேயே கழுத்து கடுக்க ஆரம்பித்தது. இடப்பக்கம் பாறை, வலப்பக்கம் தடுப்பில்லாத பள்ளம். பின்னோக்கிப் போகையில் எது எந்தக் கைப்பக்கம் என்று ஒவ்வொரு வளைவிலும் புதிதாக யோசிக்க வேண்டியிருந்தது. மூன்றாவது வளைவில் மேலிருந்து மர லாரி ஒன்று வந்தது. டிரைவர் நிறுத்தித் தலையை வெளியே நீட்டினான்.

"என்னக்கா, போற வழி மறந்து வந்த வழியே போறியா?"

"உன் மூஞ்சியைப் பாக்கப் பிடிக்காமத்தான்டா திரும்பி உக்காந்திருக்கேன். ஒதுங்கு, சூப் ஆறுது!"

அவன் சிரித்துக்கொண்டே லாரியைப் பாறையோடு ஒட்டினான். அவள் காரின் பள்ளத்துப் பக்கச் சக்கரம் மண்ணில் ஒரு முறை வழுக்கியது. அவள் ஸ்டியரிங்கை ஒடித்துக் கடந்துபோனாள். பயந்து வந்த அழுகையா, கோபத்தில் வந்ததா என்று தெரியாமல் கொஞ்சம் அழுதாள். துடைக்கக் கை ஓய்வாக இல்லை.

மேல் கமெனாவின் பஸ் நிழற்குடையில் எட்டுப் பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பஸ் வந்து பல வருஷமாகிறது. கார் பின்பக்கமாக வந்து எதிரே நின்றதும் எல்லாரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். மணி பன்னிரண்டு இருபத்தாறு.

தஃபினா இறங்கினாள். கழுத்து திரும்ப மறுத்தது. வலது தோளுக்குப் பின்னால் பார்த்தபடியே கேரியர்களை எடுத்து நீட்டினாள்.

"யாரைப் பாக்குறே பின்னால?" என்றாள் ஒரு கிழவி.

"யாரையும் இல்ல பாட்டி. பிடிச்சுக்கிச்சு. வாங்கிக்குங்க, சூடா இருக்கு."

"கீழேர்ந்தே இப்படியேவா வந்தே?" என்று கேட்டார் மனோல். முப்பது வருஷம் தபால் ஆபீஸில் இருந்தவர். கையெழுத்துத் தாள் எப்போதும் அவரிடம்தான் முதலில் போகும். "மலை பூரா ரிவர்ஸ்லயா?"

"ஆமா தாத்தா. சாப்பிடுங்க. கையெழுத்து மட்டும் போட்டுக் குடுத்துடுங்க, நேரத்தை எழுதிடுங்க."

கிழவிகள் கேரியர்களைத் திறந்தார்கள். ஆவி வந்தது. ஒருத்தி அவளை நிழற்குடையில் உட்காரவைத்து, பின்னால் நின்று கழுத்தை நீவிவிட ஆரம்பித்தாள். நோவில் தஃபினாவுக்குக் கண் இருட்டியது. ஆனால் உள்ளே ஒரு ஆசுவாசம் பரவிற்று. இன்றைக்குத் தப்பித்தாயிற்று. நாளைக்கும் இப்படியே வரலாம். குளிர்காலம் வரைக்கும் வரலாம். கண்ணை மூடிக்கொண்டாள்.

கண்ணைத் திறந்தபோது தாள் எட்டாவது ஆளிடம் இருந்தது. எல்லாரும் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"நாங்களும் நன்றி கெட்டவங்க இல்லம்மா" என்றார் மனோல். "கீழ இருக்கிற பெரிய மனுஷங்களுக்கும் தெரியட்டும். குறிப்புன்னு ஒரு கட்டம் வருஷக்கணக்கா காலியாக் கிடக்கு இல்ல, அதுல எழுதிட்டேன்."

அவர் தாளை வாங்கி, கண்ணாடியை மூக்கின் மேல் தள்ளிக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தார். "தஃபினாவின் கார் முன்பக்கம் மலையேறாத நிலையில் இருந்தும், எங்கள் சூப் ஆறக் கூடாதென்று நாலு கிலோமீட்டரும் பின்பக்கமாகவே ஓட்டி வந்து நேரத்துக்குச் சேர்த்தாள். இவளைப் போல ஊழியர் வேறில்லை. இதைக் கண்ணால் கண்டவர்கள், கீழே கையெழுத்திட்ட எட்டுப் பேர்."

மையால் எழுதியிருந்தார். தாளில் அச்சடித்த எண் இருந்தது, மாற்றுத் தாள் கிடையாது, மூன்று மணிக்கு ஸ்டாமோவ் மேஜையில் இருக்க வேண்டும்.

"தாத்தா..." என்றாள் தஃபினா.

"அழாதே, அழாதே. உழைச்சவளுக்கு எழுதாம யாருக்கு எழுதறது?" மனோல் மை காயும்வரை ஊதினார். தாளை நாலாக மடித்து அவள் சட்டைப் பையில் வைத்து, கீழே விழுந்துவிடாதபடி இரண்டு முறை தட்டிவிட்டார்.