புதுசு கலையாத பெட்டி

எவ்வளவு அழுத்தித் திருகியும் ஸ்க்ரூ அசையவில்லை. ஸ்க்ரூட்ரைவரில் மாட்டிய பிட்டின் முனைதான் வழுக்கி, மரத்தில் ஒரு கீறல் போட்டுவிட்டு நின்றது. சின்னவன் கதவோரம் முட்டி போட்டபடி அந்தக் கீறலையே பார்த்தான்.

உள்ளே கட்டிலில் அப்பா, காலையில் உயிர் போனவர், கழுத்து வரை போர்த்திக் கிடந்தார். கதவு பாதிதான் திறக்கும், அதற்குமேல் சுவரோடு கட்டிய அலமாரி இடிக்கும். அந்த இடைவெளியில் ஸ்ட்ரெச்சர் திரும்பாது. நிமிர்த்திப் பிடித்தால் நொடியில் வெளியே கொண்டுபோய்விடலாம் என்றார் ஸ்ட்ரெச்சரோடு வந்த வண்டிக்காரர். அம்மா விடவில்லை.

"அவரச் சாமான் மாதிரி நிமித்த வேணாம். படுத்த மேனிக்கே போகட்டும்."

அப்படியென்றால் கதவைக் கழற்ற வேண்டியதுதான். அதை மாட்டியதே அப்பாதான். ஏழு ஜென்மத்துக்கும் கழலக் கூடாதென்று கீலின் ஸ்க்ரூக்களை முறுக்கி, மேலே பெயிண்டும் அடித்து வைத்திருந்தார் மனுஷர். அவர் கருவிகளைப் போட்டு வைக்கும் பழைய தகர டப்பாவை அக்கா வீடெல்லாம் தேடிக்கொண்டிருந்தாள். எங்கே வைத்தாரோ, அவருக்கே வெளிச்சம்.

கைக்குக் கிடைத்தது சின்னவன் என்றோ அப்பாவுக்கு வாங்கிக் கொடுத்த செட்தான். ட்ரில் பிட் ஒரு வரிசை, ஸ்க்ரூ பிட் ஒரு வரிசை, எல்லாம் தங்க நிறம். வீட்டுக்கு வரும்போதெல்லாம் திறந்து பார்ப்பான். வாங்கின அன்று இருந்த மாதிரியே மினுங்கும். தொட்டுக்கூடப் பார்க்கவில்லையே மனுஷர் என்று உள்ளுக்குள் வலிக்கும். கேட்டதில்லை. இனி யாரைக் கேட்பது?

"பளபளப்பு பாத்து வாங்கினா இப்படித்தான் மாப்ளே," என்றார் அத்தான். "பூச்சுக்குள்ள இருக்கறது பச்ச இரும்பு. ஒழைக்கிற பிட்டு கருப்பா, பாக்கச் சகிக்காமத்தான் இருக்கும்."

சொன்ன பிறகுதான் இடம் பொருள் உறைத்தது போல. மூக்கைச் சொறிந்துகொண்டார்.

எந்த அளவு பிட் என்று சின்னவனுக்குப் பிடிபடவில்லை. வேறொன்றை மாட்டினான், பள்ளத்துக்குள் லொடலொடவென்று ஆடியது. அடுத்தது கச்சிதமாக உட்கார்ந்தது, முறுக்கியதும் முனை மழுங்கிப்போனது. ஸ்க்ரூவின் தலையும் பாதி தேய்ந்துவிட்டது. இன்னொரு தடவை வழுக்கினால் அப்பாவை நிமிர்த்துவதைத் தவிர வழியில்லை.

"இதுக்கு எந்த சைஸ்ப்பா?" என்று கட்டிலைப் பார்த்துக் கேட்டே விட்டான்.

வண்டிக்காரர் தரையைப் பார்த்தார்.

மழுங்கினதன் அளவிலேயே பெட்டியில் இன்னொன்று இருந்தது. அதுவும் அதே லட்சணம்தானே என்று நினைத்துக்கொண்டேதான் மாட்டினான். பல்லைக் கடித்துத் திருகினான். சடக்கென்று பெயிண்ட் விட்டு ஸ்க்ரூ சுற்ற ஆரம்பித்தது. அடுத்ததும் வந்தது. மேல்கீலும் வந்தது. முனை இம்மியும் மழுங்கவில்லை.

கதவைச் சுவரில் சாய்த்துவிட்டு பிட்டை உருவிப் பார்த்தான். தங்க நிறம் செதில் செதிலாக உரிந்திருந்தது. அடியில் கருப்பு. பெட்டியில் இருந்ததையெல்லாம் கட்டைவிரல் நகத்தால் சுரண்டினான். சிலது உரியவில்லை. சிலது உரிந்தது, அடியில் அதே கருப்பு. ஒன்றும் விளங்காமல் அம்மாவைப் பார்த்தான்.

"நீ வர்றேன்னு போன் பண்ணாப் போதும், அந்தப் பொட்டிய எடுத்து வச்சிட்டு உக்காந்துருவாரு," என்றாள் அம்மா. "வேல செஞ்சு மழுங்கினத எடுத்துப் போட்டுட்டு, நல்லதா வாங்கி, தங்கக் கலர் அடிச்சுக் காய வைப்பாரு. புள்ளைக்குத் தெரியக் கூடாதும்பாரு."

அத்தான் மூக்குக்குக் கொண்டுபோன கையைக் கீழே இறக்கிக்கொண்டார்.

கதவில்லாத வாசலில் ஸ்ட்ரெச்சர் எங்கும் இடிக்காமல் திரும்பியது. கால்மாட்டைச் சின்னவன் பிடித்திருந்தான். வண்டியில் ஏற்றியதும் பாதத்தில் விலகியிருந்த போர்வையை இழுத்துவிட்டான். அவன் கட்டைவிரல் நகம் பட்ட இடத்தில், வெள்ளைத் துணியில், தங்கப் பூச்சின் துணுக்கு ஒன்று ஒட்டிக்கொண்டது. அவன் அதைத் தட்டிவிடவில்லை.