கப்பித்தானுக்கு ஒரு பாலிசி

கிளாட்வின் தூத்துக்குடித் துறைமுகத்தில் டக் மாஸ்டர். பெரிய கப்பல்களை வடம் போட்டு இழுத்துவந்து தளத்தில் அணைக்கிற சிறிய படகுக்கு அவர்தான் பொறுப்பு. இருபத்திரண்டு வருடமாக நிலக்கரிக் கப்பல்களுக்கு முன்னால் அசராமல் நின்ற மனுஷர், ஒரு பூனைக்காகக் கலங்கிப்போவார் என்று அவர் மனைவி அல்போன்சா நினைத்ததே இல்லை.

அந்தப் பூனைக்கு உடம்பில் ரோமம் கிடையாது. ஸ்பிங்ஸ் என்று அந்த இனத்துக்குப் பெயர். பெங்களூரில் இருந்த அல்போன்சாவின் தம்பி கனடாவுக்குக் குடிபோகிறபோது அதைக் கொண்டுவந்து விட்டுப்போனான். முதல்நாள் பார்த்தவர்கள் உரித்த கோழி என்று சிரித்தார்கள். கிளாட்வின் அதற்குக் கப்பல் கேப்டனைச் சொல்கிற மாதிரி கப்பித்தான் என்று பெயர் வைத்தார். வாரம் ஒருமுறை வெந்நீரில் குளிப்பாட்டினார். வெயிலில் தோல் கருகாமலிருக்கப் பருத்திச் சட்டை தைத்துப் போட்டார். டூட்டி முடிந்து அவர் நாற்காலியில் சாய்ந்தால் போதும், சூடான அந்தச் சின்ன உடம்பு ஏறிவந்து கழுத்தடியில் சுருண்டுகொள்ளும்.

இந்த இனத்துக்குத் தோல் நோயும் இருதய நோயும் சீக்கிரம் வரும், இன்சூரன்ஸ் எடுத்துவையுங்கள் என்று மைத்துனன் போனில் சொன்னான். கிளாட்வின் தன் பைக்குக்கு இன்சூரன்ஸ் போடுகிற முத்துச்செல்வியிடம் போனார். ஆத்தூர்க்காரி. விசைப்படகுக்கும் கறவை மாட்டுக்கும் பாலிசி எழுதி ஊரெல்லாம் பழக்கமானவள். பூனைக்கு அதுவரை எழுதியதில்லை.

அவள் சிரிக்கவில்லை. இரண்டு நாள் அவகாசம் கேட்டாள். கிளாட்வின் திரும்பப் போனபோது மூன்று கம்பெனிப் பாலிசிகளையும் அச்செடுத்து, வரிவரியாகப் பச்சை மையில் கோடு போட்டு வைத்திருந்தாள். முதல் பாலிசி பூனையையே எடுக்காது, நாய்க்கு மட்டும். இரண்டாவது மலிவு. அதில்தான் அவளுக்குக் கமிஷன் அதிகம் என்பதையும் அவளே சொன்னாள். ஆனால் பதினொன்றாம் பக்கத்தின் அடியில், தோல் சம்பந்தப்பட்ட எதற்கும் பணம் தரமாட்டோம் என்று பொடி எழுத்தில் இருந்தது.

"தோல் மட்டுமே இருக்க பூனைக்கு இத எழுதி என்ன அண்ணாச்சி பிரயோசனம்?" என்றாள்.

மூன்றாவதுதான் சரி. அதற்கான விண்ணப்பத்தில் ரோமத்தின் நிறம் என்று ஒரு கட்டம் இருந்தது. இல்லை என்று போட்டால் கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்குப் போக மறுத்தது. கம்பெனிக்குப் போன் செய்தாள். ஏதாவது ஒரு நிறத்தைப் போட்டுவிடுங்கள் மேடம் என்றான் அங்கே இருந்தவன். வெள்ளை என்று போட்டால் நாளைக்கு இது வேறு பூனை என்று நீங்களே சொல்வீர்கள் என்று அவள் மறுத்தாள். மேலதிகாரி, அவருக்கு மேலே இருந்தவர் என்று நாற்பது நிமிடம் பொறுமையாகப் பேசி, "ரோமமற்ற இனம்" என்று எழுத்தில் ஒப்புதல் வாங்கினாள். கடல்காற்றில் தொண்டை கிழியக் கத்தியே வேலை வாங்கிப் பழகிய கிளாட்வின், குரலே உயர்த்தாமல் ஒருத்தி காரியம் முடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி மருத்துவச் சான்று மட்டும் பாக்கி. கால்நடை டாக்டர் டிக்சன் கப்பித்தானின் நெஞ்சில் வைத்த குழாயை எடுக்க நேரமானது. இருதயத்தில் ஒரு முணுமுணுப்புச் சத்தம் கேட்கிறது, ஸ்கேன் பார்த்துவிடுங்கள் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் காலை கிளாட்வின் முத்துச்செல்வியிடம் போய், தயங்கித் தயங்கித் தன் யோசனையைச் சொன்னார். இந்தச் சீட்டைக் காட்டாமல் வேறு டாக்டரிடம் சான்று வாங்கி, முதலில் பாலிசியை எடுத்துவிட்டுப் பிறகு ஸ்கேன் பார்த்தால் என்ன?

"நான் எழுத மாட்டேன் அண்ணாச்சி," என்றாள் முத்துச்செல்வி. "நாளைக்கு க்ளைம்னு வந்தா பழைய சீட்டு எல்லாத்தையும் கேப்பாவ. மறைச்சது தெரிஞ்சா ஒண்ணுக்கும் பைசா தேறாது. அது கெடக்கட்டும். பாலிசிக்காக ஸ்கேன தள்ளிப் போட்டா, கஷ்டப்படுதது அந்தச் சீவன்தானே? மொதல்ல அதப் பாருங்க. நானும் கூட வாரேன்."

சொன்னபடி வந்தாள். ஸ்கேனுக்காகக் காரில் திருநெல்வேலி போகும் வழியெல்லாம் கப்பித்தான் குளிர்சாதனக் காற்றுக்கு நடுங்கி அவள் மடியில் ஏறிக்கொண்டது. முந்தானையால் போர்த்திக்கொண்டு, அதன் முதுகை ஒற்றை விரலால் நீவியபடி வந்தாள். அல்போன்சா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸ்கேனில் இருதயச் சுவர் லேசாகத் தடித்திருப்பது தெரிந்தது. ஆரம்பத்திலேயே கண்டது நல்லது, இப்போதைக்கு மருந்து வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்றார்கள். முத்துச்செல்வி அந்த அறிக்கையையும் சேர்த்தே விண்ணப்பத்தை அனுப்பினாள். இருதயத்தைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் கம்பெனி ஒத்துக்கொண்டது. கிளாட்வினுக்கு அது பாதிக் கிணறு தாண்டிய மாதிரி இருந்தது. அல்போன்சாதான், பாதியானாலும் பொய் சொல்லாமல் கிடைத்தது என்றாள்.

ஐந்தாம் மாதம், பக்கத்து வீட்டில் மீனோடு கிடந்த தங்கூசி நரம்பைக் கப்பித்தான் விழுங்கிவிட்டது. தூண்டிலுக்குக் கட்டுகிற அந்த நைலான் இழை குடலில் சிக்கி, உடனே வயிற்றைத் திறக்க வேண்டியதாயிற்று. டிக்சன் முதலில் கேட்டது இருதய ஸ்கேனைத்தான். அதைப் பார்த்துத்தான் மயக்க மருந்தை மாற்றினார், அளவைக் குறைத்தார். இது தெரியாமல் வழக்கமான மருந்தைக் கொடுத்திருந்தால் மேசையிலேயே போயிருக்கலாம் என்று அறுவை முடிந்தபிறகு சொன்னார். கிளாட்வின் அந்த ஸ்கேன் அறிக்கையைத் திரும்ப வாங்கி, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

கம்பெனி ஒரு கேள்வியும் கேட்காமல் பணத்தை அனுப்பியது. பணம் வந்த செய்தியைப் பார்த்த கையோடு அவர் முத்துச்செல்வியின் ஆபீசுக்குக் கிளம்பினார். சொல்ல வேண்டிய நன்றியைப் படியேறும்போதே இரண்டுதரம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

உள்ளே அவள் போனில் இருந்தாள். யாருடைய படகு எஞ்சினோ தண்ணீரில் மூழ்கியிருந்தது. எதிரே அந்தப் படகுக்காரர் கையைப் பிசைந்தபடி நின்றார். "நீங்க சொல்லுத விதி ஆறாவது பக்கத்துல இருக்கு சார். ஏழாவது பக்கத்தையும் ஒருதரம் வாசிங்க, நான் லைன்லயே இருக்கேன்," என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

கிளாட்வின் வாசல் நாற்காலியில் உட்கார்ந்தார். பன்னிரண்டு மணிக்கு அவருக்கு ஒரு கப்பல் இருந்தது. ஆனாலும் அவள் பேசி முடிக்கிறவரை, ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.