தாளிப்பு வாசனை

அம்மை கண்ட வீட்டிலிருந்து கடுகு தாளிக்கிற வாசனை வந்தால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்?

வாசலில் வேப்பிலை செருகி, புருஷன் தங்கதுரைக்கு அம்மை என்று அமிர்தம் கம்யூனில் சொல்லியிருந்தாள். தங்கதுரை வீட்டில் இல்லை. சாதிக்கு வேலையில் பங்கு கேட்டு உளுந்தூர்பேட்டை ரோட்டில் மரம் வெட்டிப் போட்டு மறிக்கிற கூட்டத்தோடு போயிருந்தான். வெள்ளைக்காரன் போனதும் தெற்கு தனி நாடாகி, பொதுவுடைமைக் கூட்டரசு என்று பேர் வைத்து நாற்பது வருஷம். தெலுங்கருக்கு, கன்னடருக்கு, கல்வராயன் மலைக்காரருக்கு எல்லாம் வேலையில் பங்கு உண்டு. சாதி மட்டும் ஒழிந்துவிட்டதாகச் சட்டம். ஒழிந்துபோன சாதியின் பேரில் பங்கு கேட்டால் ஆளைச் சுரங்கத்துக்கு அனுப்புவார்கள், வீட்டையும் பிடுங்குவார்கள். மூடநம்பிக்கையை ஒழித்த தோழர்களும் வேப்பிலையைக் கண்டால் தெருவோடு போய்விடுவார்கள் என்பதுதான் அமிர்தத்தின் தைரியம்.

தங்கதுரை இன்றைக்கு வந்துவிடுவான் என்று யாரோ சொன்னதில் அவனுக்குப் பிடித்த காராமணிக் குழம்பு வைத்தாள். அம்மை வீட்டில் தாளிக்கக் கூடாது என்பது கடுகு வெடித்தபிறகுதான் உறைத்தது.

அதற்குள் வாசலில் சின்னப்பொண்ணு நின்றாள். பக்கத்து வீட்டு மலைக்காரி. மலைக்காரர் பங்கில் கரும்பு வெட்டும் அணிக்குத் தலைவி ஆனவள். வேலைக்கு யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று கம்யூன் கமிட்டிக்குச் சொல்பவளும் அவள்தான்.

"எக்கா, அண்ணனுக்கு எப்பிடி கீது?"

"இன்னும் முத்து எறங்கல. உள்ள வராதம்மே, ஆத்தா கோச்சிக்கும்."

"சாம அரிசிக் கூழு கொண்ணாந்தேன்." சொம்பை வாசற்படியில் வைத்தவள் மூக்கை உறிஞ்சினாள். "ஏங்க்கா, ஒங்க ஆத்தாவுக்கு கடுகு புடிக்குமா?"

"பக்கத்து வூட்டுலேர்ந்து வருது போல."

"பக்கத்து வூடு என்துதாங்க்கா."

சின்னப்பொண்ணு தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணன் மூஞ்சியெல்லாம் முத்து, நானே கண்ணால பாத்தேன்னு கமிட்டில சொல்லிக்கினு வரேன். நீ இன்னாடான்னா தாளிச்சிக்கினு கீற."

"பாத்தியா? எப்ப பாத்த?"

"சரி வுடு, பாக்கல." சிரித்துவிட்டுப் போனாள்.

எதற்காகப் பொய் சொல்கிறாள் இவள்? மலைக்காரிக்கு நம் சண்டையில் என்ன வேலை? நம் பங்கு கூடினால் அவள் பங்குதானே குறையும். வாயைக் கிளறி, ஆள் இல்லை என்று நம்மிடமே வாங்கிக்கொண்டு போகவா வந்தாள்? அமிர்தம் கூழை முகர்ந்து பார்த்தாள். குடிக்கவும் மனம் வரவில்லை, கொட்டவும் மனம் வரவில்லை. குழம்பை மட்டும் கொல்லையில் குழி தோண்டிக் கொட்டி மண்ணைத் தள்ளினாள். தங்கதுரை வரவில்லை.

மறுநாள் காலையில் கமிட்டி ஜீப் வந்து பக்கத்து வீட்டு வாசலில் நின்றது. எப்போதும்போல் டிரைவர் பக்கத்தில் உட்காரப் போன சின்னப்பொண்ணுவை, "முத்தக் கண்ணால பாத்தியாமே" என்று கேட்டுப் பின்னால் ஏறச் சொன்னார்கள். ஏறினாள்.